எட்டு டாலர் கேமரா

புகைப்பட மன்ற அறையில் மூன்றே பேர்: மேசைக்குப் பின்னால் நடுவர் ஷீலா, ஹீட்டரை ஒட்டித் தலைவர் டெஸ்மண்ட், கதவோரம் பழைய கேமராவோடு கிளெனிஸ். ஹோபார்ட் கண்காட்சிக்கு ஒரே படம்தான் போகும்.

"பழைய சாமான் விக்கிற தர்மக் கடையில எட்டு டாலருக்கு வாங்கின ஃபிலிம் கேமராவா? அந்த மாடல்ல பொத்தானே அமுங்காதும்மா!" டெஸ்மண்ட் சிரித்தார்.

ஷீலா அவர்கள் இருவரின் படங்களையும் மாறிமாறிப் பார்த்தார். "கிளெனிஸ் எடுத்த அலைப் படம்தான் போகுது."

"என்னோட படம்?"

"அடுத்த வருஷம் பாப்போம், டெஸ்மண்ட்."

கிளெனிஸ் கேமராவின் தோல் உறையைக் கழற்றி உட்புறத்தைக் காட்டினாள். 'டெஸ்மண்ட்' என்று மையில் எழுதியிருந்தது.

"முதல்ல லென்ஸ் பக்கத்துல இருக்கிற குட்டி லீவரை இழுக்கணும், தலைவரே. அப்புறம்தான் பொத்தான் அமுங்கும்!"

"கெட்டுப்போச்சுன்னு நான்தானே அந்தக் கடைக்குக் கொடுத்தேன்!" டெஸ்மண்ட் வாய்விட்டுச் சிரித்தார். அவளுடைய படத்தைப் பரிந்துரைக் கடிதத்தோடு உறையிலிட்டு, ஒட்டி, தாமே எதிரே இருந்த தபால் பெட்டியில் போட்டார்.