ஒரே ஒரு ஹெல்மெட்

“பறிக்கக் கூடாது தம்பி, அதுவா விழுந்தாதான் பழம்” என்று சொல்லித் தோட்டக்காரி பாக்கியம் அக்கா தன் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டைக் கழற்றி நன்மாறன் தலையில் மாட்டிவிட்டாள். கடல் தாண்டி ஊர் சுற்ற வந்தவனுக்கு, டுரியான் பழம் மரத்திலிருந்து விழுவதைப் படம்பிடித்தே ஆக வேண்டும். ஆள் தலைப் பருமனில், உடம்பெல்லாம் முள்ளாக, எட்டாத உயரத்தில் பழங்கள் தொங்கின. கேமராவை உயர்த்தினான். முதுகுக்குப் பின்னால் தொப்பென்று ஒன்று விழுந்தது. திரும்பி ஓடினான், இப்போதுதான் விட்டுவந்த மரத்தடியில் இன்னொரு தொப். கொசு பிடுங்கியது. ஹெல்மெட்டுக்குள்ளிருந்து வியர்வை கண்ணில் இறங்கியது. பேருந்துக்கு வேறு நேரமாகிவிட்டது.

“உங்களுக்கு ஹெல்மெட் வேணாமாக்கா?”

“டுரியானுக்குக் கண்ணு இருக்கு தம்பி. தோட்டத்து ஆளு மேல விழாதுலா. நீங்கதானே புது ஆளு.” அவள் கூடையோடு மரம் மரமாகக் குனிந்து பொறுக்கிக்கொண்டே போனாள்.

கடைசியாக ஒரு கிளையைக் கேமராவில் நெருக்கிப் பார்த்தான். காற்றே இல்லை, ஆனாலும் ஒரு காம்பு அசைந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு பொத்தானை அழுத்தினான். காம்பு விட்டது. பழம் முள் முள்ளாகத் திரையை நிறைத்து, கீழே நழுவி மறைந்தது. கிடைத்துவிட்டது என்று மனம் துள்ளிய பிறகுதான், அந்த மரத்தடியில் அக்கா குனிந்திருந்தது நினைவுக்கு வந்தது.

கேமராவை இறக்காமல், பழம் தரையில் விழும் தொப்பென்ற சத்தத்துக்காகக் காத்து நின்றான்.

சத்தம் வரவில்லை.