ஏறிக்கொண்டே போன கோடு

“மேடம், யாரோ நம்ம சைட்டைத் தாக்குறாங்க. ஒரே நிமிஷத்துல ஆயிரக்கணக்குல உள்ளே வர்றாங்க.”

டிக்கெட் விற்கும் கம்பெனியிலிருந்து விலகி அன்றுதான் இங்கே சேர்ந்திருந்த இளைஞன் நாற்காலி நுனிக்கு வந்திருந்தான். திரையில் சைட்டுக்கு வருபவர்களின் எண்ணிக்கையைக் காட்டும் கோடு செங்குத்தாக ஏறியது.

“எங்கேர்ந்து?” என்றாள் மேலதிகாரி.

“அதிகமா சுரங்கத்து ஊர்லேர்ந்துதான். மொத்தமா பிளாக் பண்ணிடவா? இல்லேன்னா சைட் படுத்துடும்.”

“கை வெச்சிடாதீங்க. என் தம்பி குடும்பம் அங்கேதான் இருக்கு.”

“அப்போ அவர்கிட்டயே கேளுங்க மேடம், யாரோட வேலை இதுன்னு.”

அவள் ஏற்கெனவே தம்பியை அழைத்துக்கொண்டிருந்தாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி அழைத்தாள். இம்முறை மணியே அடிக்கவில்லை.

திரையில் சுரங்கத்து ஊரின் கோடு சட்டென்று அடியைத் தொட்டது.

“அப்பாடா, ஒருத்தன்கூட இல்ல. ஓடிட்டாங்க” என்று இளைஞன் நாற்காலியில் சாய்ந்தான்.

அவள் மீட்புப் படையின் எண்ணை அழுத்தினாள்.

“நிலநடுக்க ஆய்வு மையத்துலேர்ந்து பேசறேன். கருவிக் கணக்கு வர இன்னும் நேரமாகும். ஆனா தரை ஆடினதும் ஜனங்க எங்க சைட்டைத்தான் திறப்பாங்க. சுத்துப்பட்டு ஊர்லேர்ந்து இன்னும் வந்துட்டே இருக்காங்க. சுரங்கத்து ஊர்லேர்ந்து இப்போ யாருமே வரல, போனும் போகல. முதல்ல அங்கே போங்க.”