சின்னதொரை கடிக்கவில்லை

கூண்டுக் கம்பிகளுக்கு நடுவே இடது கட்டைவிரலை நுழைத்துக்கொண்டு சோலைமலை கால் மணி நேரமாக நின்றான்.

கிளி கடிக்கவில்லை.

அந்தத் தேயிலைத் தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகளில் இந்தக் கிளியிடம் கடி வாங்காதவர் கிடையாது. தபால்காரர் வாங்கியிருக்கிறார். விபூதி கொடுக்க வந்த பூசாரி வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். சிவந்த மூக்கையும் முன்கோபத்தையும் பார்த்துத்தான் அதற்குச் சின்னதொரை என்று பெயரே வைத்தார்கள். தோட்டத்து உதவி மேனேஜரான நிஜச் சின்னதொரை லயத்துப் பக்கம் வந்தால் மட்டும் அது சத்தமில்லாத பச்சையம்மாவாகிவிடும்.

சோலைமலையும் ஏழெட்டுத் தடவை ரத்தம் பார்த்தவன். கழுத்தைத் திருகிப் போடுகிறேன் பார் என்று போன வாரம்கூடச் சத்தம் போட்டான்.

இன்றைக்கு அவனே கெஞ்சிக்கொண்டிருந்தான்.

பத்து மணிக்குத் தோட்டத்து ஆபீசில் பிரஜாவுரிமை விசாரணை. மனுவில் வைத்த கைநாட்டை அதிகாரி முன்னால் இன்னொரு முறை வைத்துக் காட்ட வேண்டும். இரண்டையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார்களாம். பொகவந்தலாவைப் பக்கம் அப்படித்தான் பார்த்தார்கள் என்று பஸ்ஸில் பேசிக்கொண்டார்கள்.

மனுவில் இருந்தது சோலைமலையின் விரல் இல்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால், மனு எழுதுகிறவர் லயத்துக்கு வந்த அன்று அவன் பக்கத்துத் தோட்டத்துக்குக் காமன் கூத்துப் பார்க்கப் போய்விட்டான். அவன் பெண்சாதி பூரணி அதிகம் யோசிக்கவில்லை. அரிசி வாங்கும்போது அவன் பெயருக்கு அவள்தானே விரல் வைக்கிறாள், இதில் மட்டும் என்ன வந்தது? வீட்டுக்காரன் பெயருக்கு நேராகத் தன் கட்டைவிரலை நன்றாக அழுத்திக் கொடுத்துவிட்டாள்.

பொய் மனு என்று தள்ளிவிட்டால் எல்லாம் போச்சு. அவனும் பூரணியும் இரண்டு பிள்ளைகளும் இங்கேயே பிறந்து வளர்ந்தும் எந்த நாட்டுக்காரரும் இல்லை என்றாகிவிடும்.

கிளி யோசனையும் பூரணியுடையதுதான்.

"வெரலு புண்ணாயிருந்தா கைநாட்டுக் கேக்க மாட்டாங்க. கத்தியால கீறுனா கண்டுபிடிச்சிருவாங்க. கிளி கடிச்சிருச்சுன்னு எவனாச்சும் பொய் சொல்லுவானா? போயி குளிச்சிட்டு வந்து நீட்டுங்க, ஒரே கடிதான்" என்று சொல்லிவிட்டு, கூடையை மாட்டிக்கொண்டு கொழுந்து பறிக்கப் போய்விட்டாள்.

அவனும் மலைத் தண்ணீர் கொட்டும் பீலியில் நடுங்க நடுங்கக் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, கடவுளைக் கும்பிட்டு, விரலை நீட்டினான்.

கிளி விரலைப் பார்த்தது. அவனைப் பார்த்தது. பிறகு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டது.

கொய்யாப்பழத்தை விரலில் தேய்த்து நீட்டிப் பார்த்தான். பழத்தை மட்டும் பூப்போல எடுத்துக்கொண்டது. வாலைப் பிடித்து இழுத்தான். அதன் தாய் தகப்பனை எல்லாம் இழுத்து ஏசினான். சின்னதொரை கண்ணை மூடித் தூங்க ஆரம்பித்தது.

"ஊரையெல்லாம் கடிச்சியே, என்னையக் கடிக்க மட்டும் என்னடா கேடு ஒனக்கு?"

பத்து மணி தாண்டியிருக்கும் என்று நினைவு வந்ததும் கூண்டை அப்படியே விட்டுவிட்டு ஆபீசுக்கு ஓடினான்.

ஆபீஸ் வாசலில் பதினோரு ஆண்கள் நின்றார்கள். எல்லோரும் அவன் லயத்துக்காரர்கள்.

பதினோரு பேருக்கும் இடது கட்டைவிரலில் துணிக்கட்டு.

யாரும் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. ஆண்டியப்பன் கூரைத் தகரத்தில் ஓட்டை தேடிக்கொண்டிருந்தார். எல்லோரும் உள்ளே போய்க் கட்டைக் காட்டிவிட்டு வந்துவிட்டார்களாம். காயத்தைப் பார்த்து, சரி, கைநாட்டு வேண்டாம் என்று அதிகாரி விட்டுவிட்டாராம்.

சோலைமலைக்கு அப்போதுதான் விளங்கியது. அன்றைக்குக் கூத்துப் பார்க்கப் போனவர்கள் வீட்டுப் பெண்கள் எல்லோருமே பூரணியைப் போலத்தான் விரல் வைத்திருக்கிறார்கள். பூரணியும் தன் யோசனையை நேற்றே கொழுந்து மலையில் எல்லோருக்கும் சொல்லியிருக்கிறாள். கூண்டு தொங்குவதோ யாரும் ஏறி வரக்கூடிய வாசல் இஸ்தோப்புத் திண்ணையில். அவன் குளித்துவிட்டு வருவதற்குள் பதினோரு விரல். பாவம், ஒரு சின்ன அலகு எத்தனைக்குத்தான் ஈடுகொடுக்கும்?

பக்கத்து வீட்டுச் சிவசாமி அவன் காதோரம் குனிந்தான்.

"ஒங்க கிளி தங்கமான கிளிண்ணே. நீட்டுன ஒடனே கடிச்சிருச்சு."

சோலைமலைக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஐந்து வருடமாகச் சோறு போட்டு வளர்த்த சொந்தக் கிளி!

உள்ளேயிருந்து கிளாக்கர் ஐயாவின் சலித்துப்போன குரல் கேட்டது.

"அடுத்தது சோலைமலை! நீயாவது முழு வெரலோட வந்திருக்கியா?"

சோலைமலை சுவர்ப் பக்கமாகத் திரும்பினான். கண்களை இறுக மூடிக்கொண்டான்.

உள்ளே போனபோது தோள்துண்டின் முனையைக் கட்டைவிரலில் சுற்றியிருந்தான். துணி சிவந்துகொண்டு வந்தது.

கிளாக்கர் ஐயா தலையில் அடித்துக்கொண்டார். "ஒனக்கும் கிளியா?"

"ஆமாங்க" என்றான் சோலைமலை, உதட்டில் ஒட்டியிருந்த ரத்தத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டே.