மூன்று குழல் பீரங்கி

மதில் சுவருக்கு மேல் கையை நீட்டி ரத்தினபாய் ஒரு பொட்டலத்தைக் கொடுத்தாள். பக்கத்து வீட்டு வைத்தீஸ்வரன் அதைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு நழுவினான். மத்தியானச் சாப்பாட்டுக்கு சைக்கிளில் வந்த லாசரஸுக்கு வயிறு பற்றி எரிந்தது.

"அவனுக்கு என்ன கொடுத்தே?"

"கறிவேப்பிலைங்க." மனைவி ரத்தினபாய் அவர் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள். "தையல் மிஷின் பெல்ட் அறுந்துபோச்சு. தாம்பரம் மார்க்கெட் பக்கம் போனா வாங்கிட்டு வாங்க."

கறிவேப்பிலையைச் சட்டைக்குள் ஒளிப்பானா எவனாவது?

லாசரஸுக்கும் வைத்திக்கும் ஆயுதப் பயிற்சிக் கூடத்தில்தான் வேலை. ஹெலிகாப்டரில் மாட்டும் சுழல் பீரங்கிக்கு யார் செய்யும் மர மாடல் தேறுகிறதோ, அவருக்கு பெங்களூர் பயிற்சி, பதவி உயர்வு. நாளைக்குப் பெரிய அதிகாரி வருகிறார்.

லாசரஸ் போன மாதமே படம் வரைந்து காட்டினார். "வெள்ளைக்காரன் ஆறு குழல் வைக்கிறான், நீர் மூணுங்கிறீரே!" என்று கூடமே சிரித்தது.

"ஆறு வச்சா ஹெலிகாப்டர் தாங்காதுய்யா!" என்று கத்திவிட்டு வந்தவர், படத்தைக் கசக்கி வீட்டுக் குப்பைக்கூடையில் எறிந்தார். மரவேலை அவருக்குக் கைவராது. அதோடு விட்டுவிட்டார்.

சாயங்காலம் கூடம் காலியானதும், வைத்தியின் மேஜையில் மூடியிருந்த துணியை விலக்கினார். தேக்கில் கடைந்த குழல்கள். ஆறு இல்லை, மூன்று!

திருட்டுப் பயல்! போதாததற்கு, குழலைச் சுற்றும் சக்கரத்தில் மாட்டியிருந்தது அவர் வீட்டுத் தையல் மிஷின் பெல்ட். யோசனையையும் சுட்டுவிட்டான், பெண்டாட்டியையும் கைக்குள் போட்டுக்கொண்டான். பிளேடை எடுத்து, நாலு சுற்றில் தெறித்துவிடும்படி பெல்ட்டைப் பாதி அறுத்து வைத்தார்.

மறுநாள் அதிகாரி குனிந்து பார்த்தார். "மூணே குழலா? எடை பாதியாயிடுமே! பிரமாதம்! எங்கே, சுத்து பார்ப்போம்."

அவன் மானம் போகட்டும் என்று லாசரஸ் முன்வரிசைக்கே வந்து நின்றார்.

வைத்தி கைப்பிடியைத் தொடவில்லை. "மரவேலை மட்டும்தான் சார் என்னுது. குப்பையிலே கிடந்த படத்தை எடுத்துக் கொடுத்து, யாருக்கும் தெரியாம செய்யச் சொன்னது எங்க அண்ணி" என்று சொல்லிவிட்டு, லாசரஸைப் பார்த்துச் சிரித்தான்.

"வாங்கோ அண்ணா, உங்க மாடலை நீங்களே சுத்திக் காட்டுங்கோ."