மகாராஜாவின் நாற்காலி

"காலடியில கிடக்குற பேப்பரைக்கூடவா நான் வந்து எடுத்துத் தரணும்?"

"எடுத்துக் குடேன், என் தங்கம்ல," என்றார் பெரியண்ணன், நாற்காலியை விட்டு அசையாமல்.

தங்கைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சில மாதங்களாகவே இந்தக் கூத்துதான்.

ரத்தம் லேசில் உறையாத வியாதி அண்ணன்கள் இருவருக்குமே பிறவியிலிருந்து உண்டு. ஊசி போட்டுக்கொண்டால் நடமாடத் தடையில்லை. தையல்காரரான சின்னண்ணன், கை நன்றாக இருந்தவரை, ஒரு நாள் சும்மா இருந்து அவள் பார்த்ததில்லை. பெரியண்ணனோ வாரம் ஒருமுறை ஊசிக்கு ஆட்டோவில் போய் வருவதோடு சரி. அதனால்தான் 'மகாராஜா' என்று பட்டம் சூட்டியிருந்தாள்.

அதே சில மாதங்களுக்கு முன்புதான் சின்னண்ணனுக்குச் சோதனை வந்தது. இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பு இறுகி, வலது கை விரல்கள் உள்ளங்கையோடு ஒட்டிக்கொண்டன. கத்தரிக்கோல் பிடிக்க வழியில்லை. பிழைப்பே படுத்துவிட்டது.

"தழும்பைப் பிரிச்சு, தொடைத் தோலை எடுத்து வைக்கணும். ரெண்டு இடத்திலயும் ரத்தம் நிக்கணுமே! அதுக்கான மருந்து போதுமான அளவு சேரட்டும். அப்புறம்தான் கத்தியைத் தொடுவேன்," என்றுவிட்டார் டாக்டர்.

ஒருவழியாக மருந்து சேர்ந்தது. ஆபரேஷனும் நல்லபடியாக முடிந்தது.

கட்டுப் பிரித்த அன்று, சின்னண்ணன் விரல்களை மெல்ல விரித்துத் தங்கையின் மூக்கைத் தொட்டார். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

வராந்தாவுக்கு வந்ததும் நர்ஸிடம் பொரிந்து தள்ளினாள். "கூடப் பிறந்த தம்பி, சிஸ்டர்! எங்க மகாராஜா ஒரு நடை வந்து எட்டிப் பார்த்தாரா?"

"ஐயோ, அவர் நடக்கவே கூடாதும்மா! ஊசி இல்லாம நடந்தா மூட்டுக்குள்ள ரத்தம் கட்டிக்கும்."

"ஊசி இல்லாமலா? வாராவாரம் இங்கதானே வர்றாரு?"

நர்ஸ் குரலைத் தாழ்த்தினாள்.

"வருவாரு. 'என் பங்கு மருந்தைத் தம்பி ஆபரேஷனுக்கு வச்சிடுங்க. அவனுக்குத் தெரிஞ்சா ஆபரேஷனே வேணாம்பான். நான் அசையாம உக்காந்து சமாளிச்சுக்கிறேன்'னு சொல்லிட்டுப் போயிடுவாரு. நாங்க எவ்வளவு திட்டியும் கேக்கல."

தங்கை அவசரமாகப் பெரியண்ணனின் செல்லுக்கு போன் போட்டாள்.

"அண்ணே, பெல் அடிச்சாகூட எழுந்துடாதே... சாவி என்கிட்ட இருக்கு."