கேமரா காணாத ஊர்

கேமராவைத் தூக்கியதுதான் தாமதம், அய்யம்மாள் வீலென்று கத்திக்கொண்டு வீட்டுக்குள் ஓடினாள். ஓடின வேகத்தில் கால் பட்டு, வாசலில் காயப்போட்டிருந்த காப்பிக்கொட்டை நாலாபக்கமும் சிதறியது.

பேராசிரியர் செழியனுக்கு உடம்பு சிலிர்த்தது. இத்தனை வருஷமாக அவர் தேடிக்கொண்டிருந்தது இந்த ஓட்டத்தைத்தான்.

நீடித்த சுற்றுலாத் திட்டமிடல் அவருடைய பாடம். ஒரு மலையூர் எவ்வளவு கூட்டத்தைத் தாங்கும், எங்கே நடைபாதை, எங்கே குப்பைத்தொட்டி என்று முன்கூட்டியே திட்டம் போட்டுக் கொடுக்க வேண்டும். ஆனால் அவர் போய்ச் சேருவதற்குள் எல்லா ஊரிலும் பரோட்டாக் கடை வந்துவிடும்.

இந்தத் தடவை விடுவதாக இல்லை. துறைத் தலைவர் நாற்காலி காலியாகிறது. போட்டி, அவருக்கும் ஜூனியர் பவதாரணிக்கும்தான். சுற்றுலாப் பயணியின் கால் படாத ஊருக்கு யார் முதலில் திட்டம் எழுதுகிறார்களோ அவர்களுக்கே நாற்காலி என்று பல்கலைக்கழகத்தில் பேச்சு.

"நான்தான் சொன்னேன்ல சார்" என்றான் ஜீப்பு டிரைவர் சுருளி. குரங்கணியிலிருந்து எலும்பெல்லாம் கழன்றுபோகக் குலுக்கி, இந்தக் கரடிப்பாறைக்கு அவரைக் கொண்டுவந்து சேர்த்தவன். "வெளியாளு மூஞ்சியே பாத்ததில்ல. அக்கா பயந்துருச்சு."

பிறகு வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தான். "அக்கா, வெளிய வா! சாரு நல்லவரு. ஒண்ணும் செய்ய மாட்டாரு."

கதவிடுக்கில் ஒரு கண் தெரிந்தது. "அந்தப் பெட்டி உசுர உறிஞ்சுமாமே?"

"ஐயோ, இல்லம்மா! சும்மா படம் பிடிக்கிறதுதாம்மா" என்று குழைந்தார் செழியன்.

அரை மனசோடு வந்து வாசலில் நின்றாள் அய்யம்மாள். குனிந்த தலை நிமிராமல், "அங்கிட்டு நின்னு எடுத்தா மூஞ்சி இருட்டடிச்சுப் போகும் சார். இங்கிட்டு வாங்க" என்றாள்.

செழியன் அசந்துபோனார். வெயிலோடும் நிழலோடும் வாழ்கிறவர்களுக்கு இயற்கையே எல்லாம் சொல்லிக்கொடுத்துவிடுகிறது! கட்டுரையில் இதற்கென்றே ஒரு பத்தி ஒதுக்குவது என்று முடிவு செய்துகொண்டு, அவள் காட்டிய இடத்தில் நின்று எடுத்தார்.

அப்புறம் உபசாரம். வாழையிலையில் சுடுசோறும் கருவாட்டுக் குழம்பும். சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்: "உங்க ஊருக்கு டூரிஸ்டு வந்தா என்னம்மா பண்ணுவீங்க?"

"டூரிஸ்டுன்னா யாரு சார்? ஓட்டுக் கேட்டு வருவாகளே, அவுகளா?"

செழியனுக்குக் கண் கலங்கிவிட்டது. கிளம்பும்போது அவள் நீட்டிய ஏலக்காய்ப் பொட்டலங்களுக்குப் பேரம் பேசக்கூட மனசு வரவில்லை. வியாபாரம் தெரியாத மக்கள், பாவம்.

ஜீப்பு இறங்கத் தொடங்கியது.

"சுருளி, இந்த ஊரை வேற யாருக்கும் காட்டிராதப்பா. நாலு பேருக்குத் தெரிஞ்சா கெட்டுப்போயிரும்."

"என் வாயால சொல்ல மாட்டேன் சார். எனக்கு என் சோலியே சரியா இருக்கு."

செழியன் கண்ணை மூடி, அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். ஒரு சுற்று சுற்றியும் பார்த்தார்.

கீழ் வளைவில் ஹாரன் சத்தம். ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிடுவது மலைப்பாதை வழக்கம். சுருளி பாறையோரம் ஒதுங்கினான். மேலேறி வந்த ஜீப்பின் முன்சீட்டில், தலையில் தொப்பியும் கழுத்தில் கேமராவுமாக இருந்தவரைப் பார்த்ததும் செழியன் துள்ளி நிமிர்ந்தார்.

பவதாரணி!

அவளும் பார்த்துவிட்டாள். அடுத்த நொடி இருவரும் ஆளுக்கொரு பக்கம் திரும்பி மலையழகை ரசிக்க ஆரம்பித்தார்கள்.

சுருளி தலையை வெளியே நீட்டி, எதிர் ஜீப்பு டிரைவரிடம் சொன்னான்:

"மெதுவாப் போ மாப்ளே... அடுத்த ஓட்டத்துக்கு அக்கா இன்னும் காப்பிக்கொட்டையக் கூட்டிப் பரப்பியிருக்காது!"