பாதி வெட்டிய புல்

பேட்டரியில் உருளை சுழன்று புல் வெட்டும் மெஷின் பாதித் தோட்டத்தில் நின்றுவிட்டது.

"நாலு பாய் விரிக்கிற இடம். அதுக்குள்ள சார்ஜ் காலியா?" என்றாள் மனைவி, ஜன்னல் வழியாக.

"என்னைக் கேட்டா? மெஷினைக் கேளு. மிச்சத்தை நாளைக்குக் காலையில வெட்டிடறேன்."

"நாளைக்குக் காலையில நமக்குக் கோர்ட்டு. விவாகரத்துல கையெழுத்துப் போடணும். மறந்துபோச்சா?"

தனி வீடு பார்த்துப் போன இந்த ஏழு மாதமும் ஞாயிறு தவறாமல் புல் வெட்ட மட்டும் வந்துகொண்டிருந்தவன், தலையைச் சொறிந்தான்.

"இப்படி அரைகுறையா விட்டா பாக்கறவங்க சிரிக்க மாட்டாங்களா? வக்கீல்கிட்ட சொல்லி வாய்தா வாங்கிடட்டுமா?"

"ம்... புல்லுக்காக வேணா வாங்குங்க. கை கால் கழுவிட்டு உள்ள வாங்க, காபி போடறேன்."

சொல்லிவிட்டு அவசரமாகச் சமையலறைக்கு ஓடினாள். நேற்று பேட்டரி சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தபோது பாதியிலேயே தான் பிடுங்கிவிட்ட சார்ஜர் ப்ளக்கை, அவன் வருவதற்குள் மறுபடி செருகி வைத்தாள்.